பகலில் பார்க்காத வாசல்

தோஹா, நஜ்மா. அரசு சுகாதார நிலையத்தின் கவுண்டர் முன்னால் செல்வராசு அண்ணனோடு நிற்கிறேன். என் ஊர்க்காரர், கட்டட வேலை. தலைசுற்றலோடு சைட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். டாக்டரைப் பார்க்க நோய் போதும் என்று நினைத்துவிட்டேன். கவுண்டர்க்காரர் கேட்பதோ வீட்டு வாசல் தகட்டில் இருக்கும் கரண்ட் இணைப்பு நம்பரை. அதை வைத்துத்தான் எந்த நிலையம், எந்த டாக்டர் என்று முடிவாகுமாம். நம்பர் இல்லாமல் ஹெல்த் கார்டு கிடையாது, கார்டு இல்லாமல் டாக்டர் கிடையாது. இது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

“உங்க வாசல்ல என்ன நம்பர்ண்ணே?”

“தெரியலையே தம்பி. ரூம் மாறி நாலு மாசமாச்சு. இருட்டுல டூட்டிக்குப் போறேன், இருட்டுல வர்றேன். வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம்.”

நேரில் பார்த்துவிடலாம் என்று டாக்சி பிடிக்கிறோம். உச்சி வெயிலில் அண்ணனின் தெருவில் இறங்குகிறோம். தெரு முழுக்க ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி பச்சை இரும்புக் கதவு, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் தகடு. அண்ணன் ஒரு கதவைத் தொடுகிறார், கையை எடுக்கிறார், அடுத்ததற்குப் போகிறார்.

“எதுண்ணே?”

“பஸ்ஸ விட்டு எறங்குனா, முன்னால போறவன் பின்னாலயே போயிருவேன் தம்பி.”

தெருவின் இரண்டு முனையையும் பார்க்கிறார். முன்னால் போக யாருமில்லை.