கன்டெய்னர் லாரிக்கு ஒரு சுரம்

ராயபுரத்தில் சாவு ஊர்வலங்களுக்கு டிரம்பெட் ஊதுகிறவன் நான். துறைமுகத்தில் வேலை உண்டு; ஆனால் யார் கேட்டாலும் பேண்டுக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

டீச்சரம்மா எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர். கருங்கடல் பக்கத்து ஜார்ஜியாவில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்த எங்கள் தெருக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மேற்கத்திய செவ்வியல் இசை எழுதுகிறவர். மாடி வீட்டில் அவரிடம் படித்தவர்கள் இன்று எந்தெந்த நாட்டிலோ இசைக் கல்லூரி வாத்தியார்கள். தமிழை மட்டும் அவர் மீன் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் எங்கள் ஊர்வலத்தோடு கல்லறை வரைக்கும் நடந்தே வந்தார். மறுநாள் என் வீட்டு வாசலில் நின்றார்.

"நைனா, உங்க பேண்டுக்கு ஒண்ணு எயுதிகினு கீறேன். வயலின்காரங்களோட நீங்க வாசிக்கணும்."

"சாவுக்கு ஊதுறவங்கள மேடையில ஏத்துனா ஊரு சிரிக்கும் டீச்சரம்மா."

"சிரிச்சா நானும் கூட நிக்கிறேன். வா."

எங்களில் பாதிப் பேருக்குக் காகிதத்தில் எழுதிய இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. வாயால் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். அரங்கம் நகரத்தின் தென்பகுதியில். ஒத்திகைக்குப் போனால் எங்களுக்கு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்து ஊதி எங்களுக்குப் பழக்கமே கிடையாது. எங்கள் தாளம் காலில் இருக்கிறது. தாளத்தில் டிரம் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். அரங்கத்து மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார், பயிற்சி உள்ள வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாமே என்று. எனக்கு முகம் செத்துப்போனது. டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

டீச்சரம்மா அவரிடம் வாதாடவே இல்லை. "நாற்காலிய எட்த்துடுங்க. இவங்க நடப்பாங்க" என்றார்.

நடந்தோம். பார்வையாளர்களின் நாற்காலி வரிசைகளைச் சுற்றி நடக்க நடக்க, வாத்தியம் பழையபடி எங்கள் பேச்சைக் கேட்டது. ஒரு மூலை திரும்பும்போது நான் என்னை அறியாமல் நின்றுவிட்டேன். எங்கள் தெரு துறைமுகச் சாலையைத் தொடும் இடத்தில் கன்டெய்னர் லாரிகள் குறுக்கே போகும். பாட்டை நடுவில் நிறுத்தினால் இறந்தவருக்கு மரியாதை இல்லை. அதனால் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்; லாரி போனதும் நடப்பேன். அந்தப் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. வயலின்காரர்கள் திகைத்துப் போய் வில்லை இறக்கினார்கள்.

டீச்சரம்மா சிரித்தார். "அத்த அப்டியே வச்சிக்க. எவ்ளோ நேரம்னு நான் எயுத மாட்டேன். லாரி போச்சுன்னு உனக்கு எப்போ தோணுதோ, அப்போ நட."

கச்சேரி முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வீடு திரும்பும் பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் அந்த நிமிர்வு போய்விடும் போலிருந்தது.

போன மாதம் டீச்சரம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டு போனில் ஒரு வீடியோ காட்டினார். பனி பெய்யும் ஏதோ ஊரில், அவருடைய பழைய மாணவர் ஒருவர் நடத்தும் கச்சேரி. இப்போது அங்கே புதிதாக இசை எழுதும் இளைஞர்கள் பலர், வாசிக்கிறவர்களை நடக்கவிடுகிறார்களாம். எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் அவர்களிடமே விடுகிறார்களாம். டீச்சரம்மாவிடமிருந்து வந்த வழி என்று அவர்களே சொல்கிறார்கள்.

வீடியோவில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண் டிரம்பெட் ஊதிக்கொண்டே நடந்தாள். மூலை வந்ததும் நின்றாள். அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். ராயபுரத்தை அவள் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் லாரி போவல டீச்சரம்மா" என்றேன்.

"இரு நைனா, போவட்டும்" என்றார்.