அன்புள்ள அத்தைக்கு ஒரு ஃபங்ஷன்

அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, உடன்பிறந்த அக்கா தங்கைகள் ஐந்து பேர். அந்த ஒரே காரணத்தால்தான் கம்ப்யூட்டரில் வாழ்த்து எழுத நான் செய்த பைத்தான் ஃபங்ஷனில் உறவுமுறைக்கு ‘அத்தை’ என்று டிஃபால்ட் வைத்தேன். நாம் எந்த உறவும் தராவிட்டால் அதுவாகவே ‘அன்புள்ள அத்தை’ என்று போட்டுக்கொள்ளும். ஐந்து தடவை தட்டுகிற வேலை மிச்சம். நான் அப்படியொரு வாழைப்பழச் சோம்பேறி.

அப்போது சித்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய் பைத்தான் படித்தேன். பெங்களூரில் ஒரு வேலை கிடைக்காதா என்று எங்கள் தெருவே எதையாவது படித்துக்கொண்டிருந்த காலம். ஃபங்ஷன் பாடம் முடிந்ததும், சொந்தமாக ஒன்று எழுதிவரச் சொன்னார் சார். பெயரையும் உறவையும் கொடுத்தால் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதித் தருகிற மாதிரி ஒன்றை எழுதினேன். அது முதல் தடவையே ஓடியதும் வீட்டில் குதித்தேன். சபையில் எங்களுக்குப் பழக்கமான வீடுகளின் பெயர்களை எல்லாம் அதில் போட்டேன்.

ஒரு பெயரில் மட்டும் விரல் நின்றுவிட்டது. என்னோடு பாடகர் குழுவில் பாடிவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனவரின் அம்மா அவர். எனக்கும் அவர் மகனுக்கும் இரண்டு வருடமாகப் பிரியம். வீட்டில் தெரியாது. தெரிந்தால் நைனா என் படிப்பைத்தான் முதலில் நிறுத்துவார். அந்தம்மாவுக்கு என்ன உறவு போடுவது? பெரியம்மா என்றால் மகன் எனக்கு அண்ணனாகிவிடுவார், கர்மம். வெட்கத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

அச்சாகி வந்த வாழ்த்துகளை ஆராதனை முடிந்ததும் நைனாவே வாசலில் நின்று கொடுத்தார். ‘எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல செஞ்சது’ என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒன்றையாவது நான் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

மறுநாள் அந்தம்மா வாழ்த்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ‘அன்புள்ள அத்தை’ என்றிருந்தது. எங்கள் பக்கம் கல்யாண வயதில் இருக்கிற பெண், சொந்தமில்லாதவரை அத்தை என்றால் உங்கள் மகனைக் கட்டிக்கொள்கிறேன் என்றுதான் அர்த்தம்.

நைனா வாங்கிப் படித்துவிட்டுப் பதறினார். ‘மெஷினு ஏதோ தப்பா போட்டுக்கினு வந்திருக்குதும்மா. மனசுல வெச்சிக்காதீங்க.’

அந்தம்மா என்னையே பார்த்தார். ‘நீ சொல்லு பாப்பா. தப்பா வந்துச்சா?’

டிஃபால்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை.

‘தப்பு இல்ல’ என்றேன்.

‘இதுக்குத்தான் தெனம் திருப்பதி போய்க்கினு வந்தியா?’ என்றார் நைனா.

‘அவள ஏன் திட்றீங்க? எம்புள்ளயும்தான் ஒரு வார்த்த சொல்லல. இவளுக்கு இருக்கிற தைரியம் அவனுக்கு இல்ல. பொண்ணு படிச்சி முடிக்கட்டும், அப்பறம் பேசலாம்.’ அந்தம்மா சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நைனா அந்த வாழ்த்தை இன்னொரு தடவை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, ‘சம்மந்தியம்மா காபி துளி சக்கரயோட குடிப்பாங்களா, கேளு’ என்றார்.