மூன்று மூன்றாய் ஒரு தட்டல்

நாலைந்து வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து ஒரு காலை. திருகோணமலைத் துறைமுக வாய்க்கு வெளியே வாடகைப் படகொன்றில் இருந்தேன். திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்வது என் ஆய்வு. கடலுக்குள் இறக்கிய மைக்கில் விழும் ஒலியை மடிக்கணினி அந்தக் கணமே அலசித் திரையில் கோடுகளாகக் காட்டும்.

அதற்கு முதல் நாள் முழுவதும் எங்கள் நங்கூரச் சங்கிலி படகில் இடித்து இடித்துத் திரையைக் கெடுத்தது. எரிச்சலில் அன்று மாலையே கணினி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். இப்படித் தட்டுகிற சத்தம் வந்தால் இரைச்சல் என்று நீக்கிவிடு என்பதுதான் அது. மறுநாள் திரை அவ்வளவு சுத்தம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

படகோட்டி பக்கத்துக் கிண்ணியா ஊர்க்காரர், அங்கத்தைய முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்றுதான் கூப்பிடுவேன். திமிங்கிலத்தைக் கேட்க ஆசைப்பட்டாரே என்று ஹெட்போனைக் கொடுத்தேன். அதில் வடிகட்டாத ஒலிதான் வரும். சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. யாரோ தட்டுகிறார்கள் என்றார். திரையில் ஒன்றுமில்லை. சங்கிலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "சங்கிலிய விடியவே தூக்கிக் கட்டிட்டன் மிஸ். இது மூணு மூணாத் தட்டுது."

வாங்கிக் கேட்டேன். மூன்று தட்டல், சிறு இடைவெளி, மறுபடி மூன்று. கீழே யாரோ ஆள்தான். எழுந்து கடலைச் சுற்றிப் பார்த்தேன்.

கண்ணுக்கெட்டியது ஒரே படகு, கடலடியில் மூழ்கிக் கடலட்டை எடுப்பவர்களுடையது. விரைந்தோம். அதிலிருந்தவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் படகிலிருந்த மற்றக் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதித்தார். கீழே அவருடைய கூட்டாளி, முதுகுப் பக்கம் கைக்கெட்டாத இடத்தில் பழைய வலை சிக்கி, காற்று முடியும் தறுவாயில், கத்திப்பிடியால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலே கொண்டுவரப்பட்டவர் மூச்சு வந்ததும், கூட்டாளி சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்து அழுதார். "உங்கட மெசின் இல்லாட்டி இண்டைக்கு நான் இல்லை, தங்கச்சி."

நானா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

கரைக்கு வந்து முழுப் பதிவையும் கேட்டேன். நானா ஹெட்போனை மாட்டுவதற்கு வெகுநேரம் முன்பே தட்டல் தொடங்கியிருந்தது. நிரலில் சேர்த்த அந்த வரியை அழித்துவிட்டேன்.

அண்ணை, இது உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தட்டலைக் கேட்டவர் நானா; நான் உங்களை இரைச்சல் என்று நீக்கி வைத்திருந்தேன். நீங்கள் பிடித்து நன்றி சொன்ன அந்தக் கை எனக்கு இன்றும் கூசுகிறது.