ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கான வேலை சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும். என் மனைவி மறுநாளைக்கும் சேர்த்து நெல் குத்திப் புடைத்து, சோறு பொங்கி, குடங்களையெல்லாம் நிறைத்து வைப்பாள். ஞாயிறன்று அடுப்பு மூட்டுவதில்லை. பழைய சோறும் சுண்டவைத்த குழம்பும்தான். மாட்டுக்குப் புல் போடுவேன், அறுக்க மாட்டேன். முகச்சவரம் கிடையாது. கடைக்குப் போவது கிடையாது. ஆனி ஆடியில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று கேள்விப்பட்டால் தென்காசி ஸ்டேஷனிலிருந்து வண்டி வண்டியாக ஜனங்கள் எங்கள் ஊர் வழியாகப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் குளிக்கக்கூட அந்தப் பக்கம் போனதில்லை. ஊரார் எங்களுக்கு ‘ஞாயித்துக்கெழம வீடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். எனக்கோ பட்டம் கட்டினது போல இருந்தது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பத்துக் கட்டளைகளையும் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னாலும் தட்டாமல் சொல்வேன். கோவிலில் வேதபாடம் வாசிக்கிற பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஆனால் தேவனுடைய பிரமாணம் இன்னதென்று எனக்கு விளங்கியபோது வயது முப்பத்தைந்து. அது விளங்கின விதம் பெருமைக்குரியதல்ல. என்றாலும் எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி, ஒரு கார் பருவத்தில் சாரல் பொய்த்தது. அருவி நூலாக இறங்கியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்து காய்ந்தார்கள் என்று வண்டிக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சிற்றாற்றிலிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. ஊர் கூடி முறை வைத்தது. சூரியன் உதிப்பதிலிருந்து மறுநாள் உதிப்பதுவரை ஒருவருக்குத் தண்ணீர். அப்படி வாரத்துக்கு ஏழு பேர். சீட்டுப் போட்டார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. கூட்டத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை முறை, என் வயலுக்கு அடுத்துக் கீழே பயிர் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு விழுந்தது. அவள் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போய் மூன்று வருஷம். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு குத்தகை வயலைத் தானே பார்த்தாள். இந்தப் பூ விளைச்சலும் தவறினால் வயலை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தது ஊருக்கெல்லாம் தெரியும். அவள் நம்முடைய மார்க்கத்தாள் அல்ல. என்னை ‘அண்ணாச்சி’ என்பாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் மடையைத் திறக்காமல் கோவிலுக்குப் போனேன். உபதேசியார் பிரசங்கத்தில் என்னைக் கைகாட்டிச் சொன்னார்: “நம்ம சபையில ஒருத்தர் வயலு காயுது. தண்ணி மொறை இன்னைக்கு. ஆனா அவரு எங்கன இருக்காரு? இங்கன இருக்காரு!” பெண்கள் பக்கத்திலிருந்துகூடத் தலைகள் திரும்பின. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஒரு வாரம் பசியில்லை.

ஆனால் பயிருக்குப் பசி இருந்தது. அடுத்த சனிக்கிழமைக்குள் என் வயலில் கால் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. கதிர் வெளிவருமுன் பொதி கட்டுகிற சமயம். அன்று பொழுது அடைகிற வேளையில் மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் என் மடையைத் திறந்தேன். கீழே அவளுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் என் பக்கம் திரும்பியது. எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது: திறந்தது சனிக்கிழமை. ஞாயிறன்று பாய்கிறது தண்ணீர், நான் அல்ல. தண்ணீருக்கு ஓய்வுநாள் கிடையாது. ஓர் இரவுத் தண்ணீர் குறைந்தால் அவளுக்கு என்ன ஆகிவிடும்?

மறுநாள் உச்சிக்குள் என் வயல் நிரம்பிவிட்டது. மடையை அடைக்க வேண்டுமானால் மண்வெட்டி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. வழிந்த தண்ணீர் வரப்பு தாண்டி அந்தப்பக்கத்து ஓடையில் விழுந்து ஒருவருக்கும் உதவாமல் போனது. நான் கோவிலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே செய்தேன். இரண்டாம் தடவை மனசு உறுத்தவுமில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை காய்ந்த சேறு.

“அண்ணாச்சி, ஓடையில தண்ணி போகுதே, பாத்தீயளா?”

“எந்தத் தண்ணி?”

“ஒங்க வயலு ரொம்பி வழியுத தண்ணி. நேத்து பொழுது அடையுத வரைக்கும் எனக்கு வந்துச்சு. பொறவு நின்னு போச்சு. மேல ஏறி வந்து பாக்கேன், ஒங்க மடை தொறந்து கெடக்கு.”

“நண்டு பறிச்சிருக்கும் தங்கச்சி.”

“ரெண்டு சனிக்கெழமயுமா? எந்த நண்டு அண்ணாச்சி மம்பட்டி புடிச்சு நேர்வெட்டா வெட்டுது?”

“வாய அளந்து பேசு.”

“வயலு வெடிச்சுக் கெடக்கையில வாய அளக்க எனக்கு நேரமில்ல. இப்பமாவது வந்து அந்த மடைய அடைங்க. மிச்சத் தண்ணி கீழ வரட்டும்.”

“இன்னைக்கு மம்பட்டி தொட மாட்டேன். வேணும்னா நீயே போயி அடச்சுக்கோ.”

“இன்னைக்கு மொறை ஒங்களுக்கு. ஒங்க நாள்ல நான் மடையத் தொட்டா நானும் களவாணிதான். அந்தப் பேரு எனக்கு வேண்டாம்” என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். “ஞாயித்துக்கெழம வேல செஞ்சா ஒங்க சாமிக்குக் கோவம் வரும். சரி. சனிக்கெழம களவாண்டா வராதோ?”

பதிலுக்குக்கூட அவள் நிற்கவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து வந்து, நான் தொடாமல் வைத்த சோற்றுக் கும்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு மாலை விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. பத்துக் கட்டளைகளையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு வீட்டார் இரக்கம் கேட்டுப் பதில் சொல்வார்கள். நான்காவது, ஓய்வுநாள் கட்டளை வருகிறபோது என் குரல் வழக்கமாகவே உயரும். அன்றைக்கு உயரவில்லை. ஏழாவது சொன்னேன். அடுத்து ஒன்பதாவது சொன்னேன். பிள்ளைகள் கவனிக்காமல் தங்கள் பங்கைச் சொல்லிவிட்டார்கள். மனைவி சொல்லவில்லை.

“எட்டாவத விட்டுட்டீய” என்றாள்.

“மறந்துட்டேன்.”

“நீங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு பிள்ளைகளை எழுப்பி அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டு சனிக்கெழமயும் ஒங்க கால்ல சேறு இருந்துச்சு. நான் கேக்கல. கேட்டா ஓய்வுநாளப் பத்திப் பிரசங்கம் வைப்பீயன்னு கேக்கல. அது ஏந் தப்பு.”

களவு செய்யாதிருக்கச் சொன்ன எட்டாவது கட்டளையை நாவு சொல்ல மறுத்தது. அதைத் தாண்டிச் சொன்ன ஒன்பதாவதும் பொய்யைத் தடுக்கிற கட்டளைதான். அன்று மத்தியானம்தான் நண்டின் மேல் பழிபோட்டுப் பொய் சொல்லியிருந்தேன். நான்கைக் காப்பாற்றப் போய் எட்டையும் ஒன்பதையும் உடைத்தேன். நான்கையாவது காப்பாற்றினேனா? இல்லை. ஓய்வுநாள் கர்த்தருக்கு உரியது. நானோ அதை என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். கட்டளைகளைப் பத்து என்று எண்ணிப் படித்ததால், கடையில் சாமான் வாங்குவது போல எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விடலாம் என்று வைத்திருந்தேன். அவை பத்தும் ஒரே வாயிலிருந்து வந்தவை. பாதி தேவனிடத்தில் எப்படி இருப்பது என்று சொல்லும். பாதி அடுத்த வயல்காரியிடத்தில் எப்படி இருப்பது என்று சொல்லும். இரண்டும் ஒரே அன்பு. இன்றைக்கும் எந்தப் பண்டிதர் முன்னாலும் நின்று இதைத் தைரியமாகச் சொல்வேன்.

பிரமாணம் என்னை நல்லவனாக்கும் என்று இருந்தவனுக்கு, அது அன்றைக்கு என் முகத்தைக் காட்டியது. முகத்தைக் கழுவ அதனால் முடியாது. அதற்கு இரட்சகர் வேண்டும். முழங்காலில் நின்று கேட்டேன். கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மன்னிப்புக் கிடைத்தவன் மண்வெட்டியை எடுக்க வேண்டும் என்பதும் அதே முழங்காலில்தான் தெரிந்தது.

திங்கள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“நண்டு இல்ல தங்கச்சி. நாந்தான்.”

“அது எனக்கு நேத்தே தெரியும்.”

“தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிரு.”

“மன்னிச்சா கதிரு வந்துருமா? எனக்குத் தண்ணி வேணும்.”

“வார ஞாயித்துக்கெழம மொறைய நீ எடுத்துக்கோ. சனிக்கெழம ஒன்னது. ரெண்டு நாளும் சேர்ந்து வந்தா ஒன் வயலோட கடைசிச் செய் வரைக்கும் எட்டும்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “எட்டும்னு நீங்க சொல்லுதீய. வாய்க்கா நெடுக நண்டு வளை. பாதித் தண்ணிய அதுவே குடிச்சிரும். ஒத்தையா நான் மடையப் பாப்பனா, வளைய அடைப்பனா?”

“நான் வந்து நிக்கேன்.”

“ஞாயித்துக்கெழமயா?” என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். அவள் சிரிக்கவில்லை. நம்பவுமில்லை.

அந்த ஞாயிறு விடியும்போது வரப்பில் நின்றேன். என் மடையை மண்ணும் புல்லும் வைத்து இறுக அடைத்தேன். என் பயிருக்கு முந்தின தண்ணீர் ஈரம் இருந்தது. தாங்கும். வாய்க்கால் நெடுகக் குனிந்து வளைகளை மிதித்து அடைத்துக்கொண்டே போனேன். கீழே அவள் செய்க்குச் செய் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கோவிலுக்குப் போகிற பாதை வாய்க்கால் கரைதான். முதல் மணி அடித்ததும் சபையார் வெள்ளை வேட்டியும் சேலையுமாக வரத் தொடங்கினார்கள். உபதேசியார் முன்னால் வந்தார். என்னைக் கண்டதும் குடையை மடக்கினார்.

“என்னவே இது? இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. ஞாயித்துக்கெழம.”

பின்னாலிருந்து ஒருவர், “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு இன்னைக்குத் திங்கக்கெழம போலிருக்கு!” என்றார். சிரித்தார்கள். குனிந்து ஒரு வளையை மிதித்தேன்.

உபதேசியார் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “போன மாசந்தான் ஒம்மப் பத்திப் பிரசங்கத்துல சொன்னேன். எம் மொகத்துல கரி பூசுதீரே. ஒரு கூலியாள விட்டுப் பாச்சக் கூடாதா?”

“கூலியாளுக்கும் ஓய்வுநாள் உண்டுன்னு நீங்கதான ஐயா சொல்லித் தந்தீய. அதுவும் போக, இது எங் கையால களவாண்ட தண்ணி. எங் கையாலதான் திருப்பிக் குடுக்கணும்.”

அவர் கீழே வேலை செய்துகொண்டிருந்தவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “களவாண்டதா?” என்றார்.

“ரெண்டு தடவ. நீங்க என்னைய மெச்சினதுக்கு அப்பறம்.”

இரண்டாம் மணி அடித்தது. “வார ஞாயிறு சபைக்கு முன்னால வந்து இத சொல்லணும்வே” என்றார்.

“சொல்லுதேன் ஐயா.”

பொழுது சாயும்போது தண்ணீர் அவளுடைய கடைசிச் செய்க்குள் நுழைந்தது. வெடிப்புகள் அதைக் குடிக்கிற சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. அவள் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, “போங்க அண்ணாச்சி, இனிமே நான் பாத்துக்கிடுவேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று ஒன்றும் விடாமல் சொன்னேன். என்னை மூன்று மாதத்துக்கு வேதபாடம் வாசிக்க வேண்டாம் என்றார்கள். களவுக்கா, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கா என்று சிலர் வெளியே தர்க்கம் பண்ணினார்கள். நான் கேட்கப் போகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அடுத்தவர் வாசிக்கக் கேட்டபோது, வேதம் எனக்கும் சேர்த்துத்தான் வாசிக்கப்படுகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அவளுடைய கடைசிச் செய்யில் பாதி பதராகப் போயிற்று. அந்தப் பதர் என்னால் வந்தது. மற்ற செய்கள் தப்பின. நிலக்காரர் வயலை அவளிடமே விட்டுவைத்தார்.

ஓய்வுநாளை நான் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஞாயிறன்று அடுப்பு எரிவதில்லை. ஆனால் முன்பு அதை ஆசரித்ததில் ஒரு விறைப்பு இருந்தது. இப்போது சந்தோஷம் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் சாரல் ஏமாற்றியது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டது. ஞாயிறு மறுபடியும் எனக்கே விழுந்தது. அவளுக்குப் புதன்கிழமை. இந்தத் தடவை கூட்டத்திலேயே எழுந்து, எல்லார் காதும் கேட்க அவளிடம் கேட்டேன்.

“தங்கச்சி, ஒன் புதன்கிழமைய எனக்குத் தந்துட்டு என் ஞாயித்துக்கெழமைய எடுத்துக்கிடுதியா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே, “எனக்கு எந்தக் கிழமைன்னா என்ன? தண்ணி நனைச்சாச் சரி” என்றாள். பிறகு ஊரார் முன்னாலேயே சிரித்துவிட்டாள். “இத அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பம்லா, அண்ணாச்சி!”