அஞ்சு மணி நேரம்தான்

விமான டிக்கெட் போடுகிறவனிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், இந்த இரண்டைத்தான் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நண்பர்களே, உங்களுக்கு இது புரியும். பழவேற்காடு பஜாரில் பதினாறு வருஷமாக ஒற்றை ஆளாக இந்தக் கடையை நடத்துகிறேன்.

பக்கம்தான்

கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர் பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குப் புறப்பட்டார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அஞ்சு மணி நேரம் என்றேன். தூரம் அவர் காதில் விழவில்லை; நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். பின்னால் அவர் மனைவி அழுதுகொண்டு நின்றாள். அவளிடம் நான் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எனக்கும் மறுக்க மனசு வரவில்லை.

"ஏரில வல உட்டுட்டுத் திரும்பவே அஞ்சு மணி நேரம் ஆவுது. இன்னாத்துக்கு அழுவற? பக்கம்தான்னு அண்ணனே சொல்றாரு."

கல்லறைக்கு வந்தவர்

டச்சுக் கல்லறையைப் பார்க்க ஹாலந்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தார். அவர் வம்சத்துப் பெண் ஒருத்தி இங்கே புதைக்கப்பட்டிருக்கிறாளாம். அவள் கப்பலில் வந்துசேர எட்டு மாசம், தனக்குப் பத்து மணி நேரம் என்று சொல்லிச் சிரித்தார். "நடுவுல அவங்கள யாராவது வந்து பாத்தாங்களா?" என்று, கூட வந்த ஆட்டோக்காரரை விட்டுக் கேட்டேன். பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்ன பதிலை ஆட்டோக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"முந்நூறு வருசத்துல இவருதான் மொத ஆளாம்."

சரக்குப் பிரிவு

குவைத்தில் மீன்பிடிக்கப் போன ஒருவன் படகிலேயே மாரடைப்பில் இறந்துபோனான். அவனுக்கு டிக்கெட் போட்டது நான்தான். அவன் அம்மா தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். காகிதங்கள் முடிய வேண்டும், அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள், உடல் வருகிறது என்று தகவல் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவளோடு சென்னைக்குப் போனேன்.

விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பெட்டிக்காகக் காத்திருந்தோம். காலையில் வாங்கிக்கொடுத்த டீயை அவள் கையிலேயே வைத்திருந்தாள். மத்தியானம் அவளே பேசினாள்.

"போறப்ப அஞ்சு மணி நேரம்னு நீதான சொன்ன, நைனா?"

முன்தேதி

என் மனைவி வீட்டு வேலைக்குத் துபாய் போய் நாலு வருஷம் ஆகிறது. போன கோடையில் ஒரு மாச லீவில் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் லைட் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தடவினாள். நான் எப்போதும்போல விடிந்ததும் எழுந்து, ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவேன். ஒரு டம்ளர்தான் போடுகிறேன் என்பது எனக்கே உறைக்கவில்லை.

இருபதாம் நாள் கடைக்கு வந்து, ஆட்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரும்பிப் போகும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தும் விட்டேன்.

"நீங்க தனியா இருந்தே பழகிட்டீங்க. எனக்கு அங்கன்னா வேலயாவது இருக்குது."

இத்தனை பேரை ஏற்றி அனுப்பிய எனக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?