அம்மாவின் போனை அப்டேட் செய்த வாரம்

மாத்தளை டவுனில் போன் திருத்தும் கடையொன்றில் பதினோரு வருடங்களாக வேலை செய்கிறேன். கடைக்குள் வருகிறவர்களில் பாதிப்பேர் மேசைக்குப் பின்னால் ஒரு பெண்ணைப் பார்த்ததும் "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே "நான்தான் பாஸ்" என்பேன். இப்போது கையை மட்டும் நீட்டுகிறேன். தந்தால் தரட்டும், தராவிட்டால் போகட்டும். மனிதர்கள் மேல் எனக்குப் பொறுமை குறைவு. தண்ணீர் சொட்டச் சொட்டப் போனைக் கொண்டுவந்து நீட்டி, "தானாவே இப்படி ஆயிருச்சு" என்பார்கள். எந்தப் போனும் தானாகக் கெடுவதில்லை. அம்மாவின் போனும் தானாகக் கெடவில்லை.

அம்மா எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அப்பா இறந்ததும், தம்புள்ளையில் மரக்கறி வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா, "அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கூட்டிப்போனாள். மூன்று மாதம் பார்த்தாள். ஒரு நாள் காலையில், சந்தையிலிருந்து வெறும் கூடைகளோடு திரும்பிய லொறியொன்று என் வீட்டு வாசலில் நின்றது. அம்மா ஒரு பையோடு இறங்கினார். வீட்டில் இடம் போதவில்லை என்று அக்கா டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவை வைத்துக்கொள்வது எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை. நான் தனியாள், அவர் வந்தது நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் கூடையோடு கூடையாக ஏற்றி அனுப்பினாளே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றோடு அவளுடன் பேச்சை விட்டேன். ஆறு வருடமாகிறது.

அம்மா விடவில்லை. தினமும் பொழுது சாயும் நேரம் அக்கா அழைப்பாள், அம்மா பேசுவார். அம்மாவுக்குக் காது நன்றாக மந்தம். கண்டியில் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன், விசில் அடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். நேரில் நாம் கத்தினால் புரியும், உதட்டைப் பார்த்தும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் உண்டு. ஸ்பீக்கர் போட்டால் அக்காவின் குரல் வீடு முழுவதும் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இந்த வீட்டுக்குள்ள அவ சத்தம் கேக்கக் கூடாது" என்று கத்திவிட்டேன். அன்று விட்டதுதான். அதற்குப் பிறகு அம்மா ஸ்பீக்கர் பொத்தானைத் தொட்டதில்லை. சொன்ன சொல்லை மீறத் தெரியாதவர்.

அதனால்தான் அந்தப் போனை ரூட் செய்தேன். ரூட் என்றால், கம்பெனிக்காரன் பூட்டிவிட்டுப் போன அறைக்கு நாமே சாவி செய்துகொள்வது. உள்ளே போய்விட்டால், காதருகே வைத்துப் பேசும் சின்ன ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரலாம் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பைத் திறந்து, எண்ணை ஏற்றிவிடலாம். ஏற்றினேன். அம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவருக்கு மகள் கிடைத்தாள், எனக்கு நிம்மதி கிடைத்தது. பாசத்தால் செய்தாய் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை.

ரூட் செய்த போனுக்கு ஒரு தலைவலி உண்டு. கம்பெனி அனுப்பும் அப்டேட்டுக்கு அந்தச் சாவி ஆகாது. வழக்கமாக நிறுவப் பார்த்தால் பாதியில் நின்று, "நிறுவ முடியவில்லை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வெட்கமில்லாமல் மறுபடியும் வந்து நிற்கும். அறிவிப்பை நான் எத்தனையோ விதமாக அடக்கிப் பார்த்தேன். அது திரை முழுக்க வந்து நிற்கும்போது அம்மா பயந்து ஏதாவதொன்றை அழுத்துவார், போன் அணைந்து எரியும், அந்த நேரம் பார்த்து அக்கா அழைப்பாள், கிடைக்காது. அம்மா என்னைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறையாகவே அப்டேட் செய்துவிடுவது என்று கடைக்குக் கொண்டுபோனேன்.

முறை என்றால் இதுதான். கம்பெனியின் முழு மென்பொருளையும் கணினியில் இறக்கி, உள்ளே இருக்கும் படங்களும் பெயர்களும் அழியாதபடி கேபிள் வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றியதும் போன் புதுசாகிவிடும், ரூட்டும் போய்விடும், நான் ஏற்றி வைத்த சத்தமும் போய்விடும். பிறகு சாவியை மறுபடி செய்து, சத்தத்தை மறுபடி ஏற்ற வேண்டும். முதல் பாதிக்கு இரண்டு மணித்தியாலம், அடுத்த பாதிக்கு அரை மணித்தியாலம். முதல் பாதி ஒழுங்காக முடிந்தது. ஒரு படமும் அழியவில்லை. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

ஒலி சரியா என்று பார்க்க, கடைசியாக வந்திருந்த குரல் செய்தியைப் போட்டேன். அக்காவின் குரல். "அம்மா, அவ ஒங்கள ஒழுங்கா பாக்குறாளா? நேரத்துக்குச் சாப்பாடு குடுக்குறாளா? எதுனாலும் எங்கிட்ட மறைக்காதீங்க."

ஸ்பீக்கரை நிறுத்திய நாளிலிருந்து நான் கேட்காத குரல். சாப்பாடு கொடுக்கிறேனா என்று கேட்கிறது. உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. கூடையோடு அனுப்பியவள் என்னைக் கணக்குக் கேட்கிறாள். கேபிளைப் பிடுங்கினேன். மிச்சமிருந்த அரை மணித்தியால வேலையைச் செய்யவில்லை. நீ பேசு, தாராளமாகப் பேசு, யாருக்குக் கேட்கிறது பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "சரியாயிருச்சும்மா" என்று போனை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அன்று மாலை அக்கா அழைத்தாள். அம்மா காதில் வைத்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. போனை எடுத்துப் பார்த்தார், மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு பேச ஆரம்பித்தார். "ஆமாம்மா... சரி... நல்லாத்தான் இருக்கேன்... சரிம்மா, சரி." அம்மாவுக்கு இது பழக்கம். கேட்காவிட்டாலும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார். தோட்டத்தில் கங்காணி எட்டத்தில் நின்று என்ன கத்தினாலும் "சரிங்க" என்று சொல்லிப் பழகியவர். எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நான் குசினியில் நின்று பருப்பைத் தாளித்துக்கொண்டே பார்த்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை, "அவளுக்குத் தொண்ட கட்டியிருக்கா? சத்தமே வரல" என்றார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, "போன கொஞ்சம் பாரேன்" என்றார்.

"கடையில வேல கெடக்கும்மா. ஞாயித்துக்கெழம பாக்குறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மாலையில் அம்மா வழக்கம்போல் காதோடு போனை அழுத்திக்கொண்டு, "சரிம்மா... ஆமா... சரி" என்றார். ஸ்பீக்கரைப் போட்டிருந்தால் கேட்டிருக்கும். போடவில்லை. நான் சொன்ன சொல் அப்படியே இருந்தது. அழுத்தி அழுத்திக் காது மடல் சிவந்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன்.

வியாழக்கிழமை அம்மா கடைக்கே வந்துவிட்டார். நல்ல சேலை உடுத்து, த்ரீவீலில் வந்து இறங்கி, மற்றவர்களோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும், போனைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒரு வாடிக்கையாளரைப் போல.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"ஒனக்கு வீட்டுல நேரமில்லன்னியே."

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். "அங்க ஒக்காருங்க" என்றேன். அம்மா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உடைந்த திரையை மாற்றினேன். பிறகு ஒரு முதலாளியின் போனுக்கு பற்றரி போட்டேன். பிறகு யாரும் இல்லை. யாரும் இல்லாதபோது மேசை லாச்சியைத் திறந்து, திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்தேன். யாரும் என்னிடம் கேட்காத வேலை. அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தார். பிறகு எழுந்து, மேசையிலிருந்த போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அக்கா மேலிருந்த கோபம் எந்த இடத்தில் அம்மாவின் பக்கம் திரும்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். தலை நரைத்திருந்தாள், உடம்பும் போட்டிருந்தாள். படியேறாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"யாரக் கேட்டு?"

"அம்மாவத்தான். பின்னுக்கு ஒரு காம்பரா கட்டியிருக்கு. நாலஞ்சு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன், வந்து எங்கூட இருக்கீங்களான்னு. சரி சரின்னாங்க. சனிக்கெழம வரட்டான்னு கேட்டேன், அதுக்கும் சரின்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு. "சரின்னாங்களா? அவங்களுக்கு நீ சொன்னது ஒண்ணுமே கேக்கல. ஆறு நாளா ஒரு சொல்லுகூட கேக்கல!"

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "கேக்கலன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கடையில் தினமும் எத்தனை பேரை இப்படி மடக்கியிருப்பேன். தானாகக் கெட்டது என்பவர்களிடம் இரண்டே கேள்வி கேட்டு உண்மையைக் கறந்துவிடுவேன். அன்று நான் அவர்களைப் போல நின்றேன்.

அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டார். அக்கா அவர் காதருகே போய்க் கத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். புது அறை, கட்டில், தம்புள்ளை, எல்லாம். அம்மா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினார். போகட்டுமா என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். போக வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"போன நீ ஏன் பாக்கல?" என்றார்.

"வேலம்மா..."

"நான் கடைக்கு வந்தேனே."

பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் டிரைவர் போனை நோண்டுவது போல் பாவனை செய்தான். அக்கா இரண்டடி தள்ளி நின்றாள். இவர்கள் யார் காதிலும் விழாமல், தாழ்ந்த குரலில் சொன்னேன். "வேணும்னேதாம்மா பாக்காம விட்டேன்."

"என்னா?" என்றார் அம்மா, காதைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி.

கிட்டப் போய் மறுபடி சொன்னேன். தலை குனிந்து சொன்னதால் உதடும் தெரியவில்லை போலிருக்கிறது. "என்னா சொல்ற? சத்தமா சொல்லு."

அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் ஊருக்கே கேட்கும். வேறு வழியே இல்லை. நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினேன். "வேணும்னேதான் செஞ்சேன்! அவ பேசுறது ஒங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு, வேணும்னேதான் விட்டேன்!"

வாளியைப் பிடித்திருந்த பெண் உள்ளே போனாள். அக்கா தரையைப் பார்த்தாள். வென்றவள் முகம் இல்லை அது. அது என்னை இன்னும் சுட்டது. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

அம்மா மட்டும் திடுக்கிடவில்லை. ஒன்றும் புதிதாகக் கேட்காதவர் போல் தலையாட்டினார். சரி என்பதற்குத் தலையாட்டுகிறாரா, கேட்காமல் ஆட்டுகிறாரா என்று ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது.

"தெரியும்" என்றார். "பெஞ்சுல ஒக்காந்திருந்தப்பவே தெரியும்."

உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். துணியெல்லாம் வியாழக்கிழமையே மடித்து வைத்திருந்திருக்க வேண்டும், அவ்வளவு சீக்கிரம் வந்தார். பையை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார். கதவை அக்காதான் சாத்தினாள்.