கொலு வைக்கோலில் ஒரு பிரசவம்

கால்நடை மருத்துவத்தில் ஒரு சௌகரியம் உண்டு: நோயாளி பொய் சொல்லாது. கூட வருபவர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிடுவார்கள். மயிலாப்பூரில் இருபது வருஷமாக கிளினிக் நடத்துகிறேன். நாய், பூனை, கிளி எதைக் கண்டும் எனக்குப் பயமில்லை. அடுத்தவர் வீட்டு ஜீவனுக்காகச் சாப்பாட்டை ஆறவிட்ட சக டாக்டர்களே, செல்லப்பிராணியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் தவம் கிடக்கும் அன்பர்களே, உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று, மூன்று, மூன்று

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை செல்வி வந்தார். தரமணியில் ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னால், அரை கிரவுண்டில் தகரக் கொட்டகை போட்டு நாலு பன்றி வளர்ப்பவர். அவர் “பன்னி” என்று சொன்னதுமே, பொமரேனியனோடு காத்திருந்த ஜெயா மாமி புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டார்.

சினையாக இருந்தது பேபி என்கிற பன்றி. போன ஈற்றில் ஒன்பது குட்டி போட்டு, தானே மேலே படுத்து ஏழை நசுக்கிவிட்டதாம். மிச்சம் இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவையும் குட்டி பிழைக்காவிட்டால் பேபி கறிக்கடைக்குத்தான் என்று செல்வியின் கணவர் ஏழுமலை கடைக்காரரிடம் பேசியே விட்டாராம். செல்வி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பன்றி அது.

பன்றி இணை சேர்ந்த நாளை மறக்காமலிருக்க, வைகாசி மாதத்துத் தாளை நாள்காட்டியிலிருந்து கிழித்து பர்ஸில் மடித்து வைத்திருந்தார். பன்றிக்குக் கணக்கு சுலபம்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். விரல் விட்டு எண்ணி, “வெள்ளிக்கிழமை குட்டி போடும்” என்று கம்பீரமாக அறிவித்தேன். செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கு இன்னா காலண்டர் பாக்கத் தெரியுமா? நீ ஒரு தபா வந்து பாரு மேடம்.”

பளபளத்த தரை

வியாழக்கிழமை காலையிலேயே போனேன். கொட்டகை பிரசவ வார்டு மாதிரி இருந்தது. பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. சிமென்ட் தரையில் ஒரு துரும்பு இல்லை. பேபி மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தது. வெறும் தரையை முன்காலால் பிறாண்டியது, மூக்கால் சுவரை முட்டியது. அதன் வாயில் ஏழுமலையின் கட்டம் போட்ட லுங்கி. அதற்கு முன்னால் அவர் ஓட்டும் ஆட்டோவின் சீட் உறையும் கிழிந்து போயிருந்தது. “கொழுப்பு” என்றார் ஏழுமலை.

கொழுப்பில்லை. குட்டி போடுவதற்கு முந்தைய நாள் பன்றி தனக்கு மெத்தை கட்டும். கட்ட எதுவும் கிடைக்காவிட்டால், வலி எடுத்த பிறகும் எழுந்து எழுந்து தேடும். திரும்பப் படுக்கும்போது குட்டி அடியில் மாட்டிக்கொள்ளும். போன தடவையும் தரையை இப்படித்தான் கழுவி வைத்தீர்களா என்று கேட்டேன். ஏழுமலை குரல் இறங்கிவிட்டது. “ஆஸ்பத்திரில கூட கழுவத்தானே மேடம் சொல்றாங்க?”

மாட வீதியில் ஒரு வினோத கிராக்கி

தரமணியில் பீட்சா கிடைக்கும், லேப்டாப் கிடைக்கும், வைக்கோல் கிடைக்காது. ஆனால் நான் மயிலாப்பூர்க்காரி. நவராத்திரி நெருங்கும்போது மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள் இருக்கும், பொம்மைகள் உடையாமல் வருவது வைக்கோலில்தான். ஏழுமலையின் ஆட்டோவிலேயே நேராக அங்கே போய் இறங்கினேன். கடைக்காரர் தசாவதார செட்டை எடுத்து நீட்டினார். எனக்குப் பொம்மை வேண்டாம், அது சுற்றிவந்த வைக்கோல் வேண்டும் என்றேன். கஷ்டப்பட்டு ஒரு மூட்டை கிடைத்தது. பேபியின் உடம்புக்கு அது போதாது.

பக்கத்தில் செட்டியார் பொம்மைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் ஜெயா மாமி. எதற்கு என்று கேட்டார். கொசுவம் ஞாபகம் வந்தாலும் உண்மையைச் சொன்னேன். மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார். “பிரசவம்னா யாரா இருந்தா என்ன? எங்காத்துல நேத்துதான் பொம்மையெல்லாம் எறக்கினோம், நாலு பொட்டி வைக்கோல் கெடக்கு. வந்து எடுத்துண்டு போங்கோ. எங்காத்துக்காரர் கேட்டா மட்டும் பசுமாட்டுக்குன்னு சொல்லிடுங்கோ!”

வெளியே போன டாக்டர்

மாமி வீட்டு வைக்கோலையும் சேர்த்து, பூஞ்சை வாசனை இல்லையென்று முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டகையில் கொட்டினோம். பேபி லுங்கியைக் கீழே போட்டது. வாய் வாயாக வைக்கோலைக் கவ்வி மூலைக்குக் கொண்டுபோய், மூக்கால் ஒதுக்கி, சுற்றிச் சுற்றி வந்து குழியாக்கியது. சாயங்காலம் காம்பில் பால் கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, நான் சொன்னபடியே, காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. கையுறை மாட்டி, துண்டு, மருந்து எல்லாம் பரப்பி, பேபியின் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு குட்டி வந்தது. பேபி எழுந்து திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் படுத்தது. குட்டியை நான் இழுக்காவிட்டால் அப்போதே நசுங்கியிருக்கும். மறுபடி எழுந்தது. அடங்கிப் படுக்க ஊசி போடலாமா என்று யோசிக்கும்போது செல்வி என் தோளைத் தொட்டார். “மேடம், நீ வெளில வந்துடு. நீ உள்ள இருக்கசொல்லதான் அது எயுந்து எயுந்து பாக்குது.”

பதினொன்று

ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியே போய்க் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து தட்டி இடுக்கில் பார்த்தேன். பேபி ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டில் சரிந்தது, அப்புறம் எழவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் வழுக்கி வந்து, வைக்கோலில் புரண்டு, தாமாகவே காம்பைத் தேடிப் போயின. ஒன்பதாவது மட்டும் மூச்சில்லாமல் கிடந்தது. செல்வி சத்தமில்லாமல் அதை எடுத்து வந்து கொடுத்தார். வாயைத் துடைத்து, வைக்கோலால் தேய் தேய் என்று தேய்த்தேன். கீச்சென்று கத்தியது. கூடவே நானும் அழுதுவிட்டேன், அதில் வெட்கமொன்றுமில்லை.

மத்தியானத்துக்குள் பதினொன்றும் உயிரோடு பால் குடித்துக்கொண்டிருந்தன. ஏழுமலை தட்டி வழியாக இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். “நைனா, நீ வராதே. பதினோரு புள்ள பெத்தவ பால் குடுத்துக்கினு கீறா, அவள விக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி கீதா?”

இருபது வருஷம் தொழில் பார்த்து நான் தேறிய பிரசவ வைத்தியம் இவ்வளவுதான்: வைக்கோலை உள்ளே போட்டதும் டாக்டரை வெளியே போட்டுவிட வேண்டும்.